உள்ளினப் பெருக்கமா, ஊரே அதுதானே!

ஏற்காட்டில் காட்டு மாடுகளைப் பற்றி ஒரு பேச்சு. அங்கேயும் வந்து சேர்ந்தது அந்தச் சொல்: 'உள்ளினப் பெருக்கம்'. (காட்டு மாட்டைக் 'காட்டெருமை' என்றும் சொன்னார்கள். அது எருமையே இல்லை. அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு.)

ஆங்கிலத்தில் இன்பிரீடிங், அதாவது நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்ந்து பெருகுவது. 'இன்' என்றால் உள்ளே. 'பிரீட்' வினையானால் பெருக்குவது, பெயரானால் இனம். மொழிபெயர்த்தவர் இரண்டையும் சேர்த்து அள்ளிக்கொண்டார் போலிருக்கிறது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் போலத் தனித்து நிற்கும் மலையில் ஒரு சிறு கூட்டம் அடைபட்டால், தலைமுறைகள் போகப்போக நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர வேண்டிவரும். ஒவ்வொரு மரபணுவும் பெரும்பாலும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது சமாளிக்கும். உறவுக்குள் சேர்ந்தால் ஒரே பழுது இரண்டு பக்கமிருந்தும் குட்டிக்கு வர வாய்ப்பு கூடும்.

இதில் 'உள்ளினம்' எங்கே வந்தது? மாடு மாட்டோடுதானே சேரும்! மேச்சேரி ஆட்டை மேச்சேரிக் கிடாவோடு மட்டுமே சேர்த்து இனத்தைக் காப்பாற்றுகிறவரும் இந்தச் சொல்லின்படி குற்றவாளி. ஆனால் அவருக்கு விஷயம் நன்றாகத் தெரியும். அதே கிடா தன் மகள்களோடு சேரக்கூடாதென்று இரண்டு மூன்று வருஷத்தில் கிடாவை மாற்றிவிடுவார். இனம் அதேதான், இரத்தம்தான் வேறு. இதற்கே சிலர் சொல்லும் 'உட்கலப்பு' இன்னும் மோசம்: கலப்பே இல்லாததுதான் இங்கே நோய், அதற்குப் பெயர் கலப்பாம்!

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் முப்பதுக்கும் குறைவாகச் சுருங்கிப்போன பூமா என்ற பெரிய காட்டுப் பூனைகளுக்கு வால் முறுக்கு, இதயக் குறை எல்லாம் வந்தன. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெட்டைகளைக் கொண்டுவந்து விட்டார்கள், குட்டிகள் தேறின. இரண்டு பக்கமும் ஒரே இனம்தான், பூமா. 'உள்ளினப் பெருக்கம்' நோய் என்றால் இந்த வைத்தியத்துக்கு என்ன பெயர் வைப்பார்கள்?

நான் 'இரத்த உறவுப் பெருக்கம்' என்றே எழுதுகிறேன். இரத்தம் வடசொல், குருதி என்று எழுது என்பார்கள். சரி, எழுதுங்கள், பொருள் கெடாது. சேலத்தில் எந்த மருத்துவரும் கர்ப்பிணியிடம் "உள்ளினத்தில் கல்யாணமா?" என்று கேட்பதில்லை. "சொந்தத்துலயா கட்டினீங்க?" என்றுதான் கேட்கிறார்.