முனகலிலிருந்து எழுந்த கேள்வி

மருத்துவக் கல்லூரிகளில் குழந்தை மருத்துவம் கற்பிக்கும் பேராசிரியர்களின் தன்விவரக் குறிப்பில், பட்டங்களுக்குக் கீழே பெரும்பாலும் இரண்டு வரிகள் இருக்கும். அவர் சிகிச்சையளிக்கும் சிறப்புத் துறை ஒன்று. ஆய்வு செய்யும் துறை மற்றொன்று. முதல் வரியில் ‘குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக் கோளாறுகள்’ என்றிருந்தால், இரண்டாவதில் ‘நுரையீரல் வளர்ச்சி’ என்றிருக்கக்கூடும். காலையில் வார்டு, மாலையில் ஆய்வுக்கூடம் என்று ஒருவரே இரண்டு வேலை பார்ப்பதாக வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் வார்டில் விடை கிடைக்காமல் நின்றுபோன கேள்விதான் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது. அங்கே கிடைத்த விடை சரிதானா என்று பார்க்க மறுபடியும் வார்டுக்கே வர வேண்டியிருக்கிறது. இந்தப் போக்குவரத்து எப்படி நடக்கிறது என்பதைக் குறைமாதக் குழந்தையின் மூச்சைப் போலத் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் அறியேன்.

எட்டு மாதம் நிறைவதற்குள் பிறந்துவிட்ட குழந்தை ஒன்று, பிறந்த சில மணி நேரத்துக்குள் மூச்சுத் திணறுவதாக வைத்துக்கொள்வோம். மூக்குத் துளைகள் விரிந்து விரிந்து அடங்குகின்றன. ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தோல் குழிந்து உள்ளே போகிறது. மூச்சை விடும்போது மெல்லிய முனகல் ஒன்று கேட்கிறது. அது வலியால் எழும் முனகல் என்று பெற்றோர் நினைத்துக்கொள்வது இயல்பு. உண்மையில் அந்தக் குழந்தை தன் குரல்நாண்களைப் பாதி மூடிக்கொண்டு, நுரையீரலிலுள்ள காற்று முழுவதும் வெளியேறிவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கிறது. வெளியேறிவிட்டால் நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அடுத்த மூச்சில் அவற்றைத் திறக்கப் பெரும்பாடு படவேண்டும்.

ஏன் ஒட்டிக்கொள்கின்றன? காற்றறைகளின் உட்சுவரில் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்கிறது. நீரின் பரப்பு எப்போதும் தன்னைச் சுருக்கிக்கொள்ளவே பார்க்கும். இதைத்தான் பரப்பு இழுவிசை என்று பள்ளியில் படிக்கிறோம். வளைந்த பரப்பு எவ்வளவு சிறியதோ, அந்த இழுவிசையால் உள்ளே உண்டாகும் அழுத்தம் அவ்வளவு அதிகம். ஒரு குழாயின் இரு முனைகளிலும் சிறிதும் பெரிதுமாக இரண்டு சோப்புக் குமிழிகளை ஊதி, நடுவிலுள்ள அடைப்பைத் திறந்தால், சிறிய குமிழி சுருங்கித் தன் காற்றையெல்லாம் பெரிய குமிழிக்குள் தள்ளிவிடும். நம் நுரையீரலில் இப்படி நடக்காமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்னும் கொழுப்பும் புரதமும் கலந்த பொருள். காற்றறைச் சுவரிலுள்ள இரண்டாம் வகைச் செல்கள் அதைச் சுரக்கின்றன. அறை சுருங்கச் சுருங்க அதன் மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கிக்கொண்டு இழுவிசையை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிடும். கருவில் சுமார் 24ஆவது வாரத்தில் சுரக்கத் தொடங்கும் இப்பொருள், போதுமான அளவை எட்ட 34, 35 வாரங்கள் ஆகிவிடுகின்றன.

இன்று இதைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். 1950களில் நிலைமை வேறு. இப்படி மூச்சுத் திணறி இறந்த குழந்தைகளின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்தபோது கண்ணாடி போன்ற சவ்வு படிந்திருந்ததால், நோய்க்குக் காரணமே அந்தச் சவ்வுதான் என்று கருதி, அது எங்கிருந்து வருகிறது என்றே பலரும் தேடிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் ஆய்வு பயின்றுகொண்டிருந்த மேரி எலன் ஏவரி என்ற இளம் குழந்தை மருத்துவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: நுரையீரலில் என்ன கூடுதலாக இருக்கிறது என்று பார்க்காமல், எது இல்லை என்று பார்த்தார். ராணுவ ஆய்வகம் ஒன்றில் ஜான் கிளெமென்ட்ஸ், நீர்த்தொட்டியின் பரப்பை விரித்தும் சுருக்கியும் அதன் இழுவிசையை அளக்கும் கருவி ஒன்றை உருவாக்கியிருந்தார். அம்முறையைக் கற்றுக்கொண்ட ஏவரி, இந்நோயால் இறந்த குழந்தைகளின் நுரையீரல் சாற்றையும், வேறு காரணங்களால் இறந்தவர்களின் சாற்றையும் சோதித்தார். முதல் வகைச் சாற்றில் மட்டும் இழுவிசை குறையவில்லை. 1959இல் ஜெரே மீடுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்.

காரணம் தெரிந்துவிட்டது, மருந்து உடனே வந்துவிடவில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இதே நோயால் 39 மணி நேரத்தில் இறந்துபோனான். அதே பத்தாண்டில், சர்ஃபாக்டன்டிலுள்ள முதன்மைக் கொழுப்பை மட்டும் தனியே எடுத்துக் குழந்தைகளின் மூச்சில் புகைபோலச் செலுத்திப் பார்த்தார்கள், பயனில்லை. அந்தக் கொழுப்பு நீர்ப்பரப்பில் விரைந்து பரவ, கூடவே சில புரதங்களும் தேவை என்பது பின்னர்தான் புரிந்தது. 1980இல் ஜப்பானில் தெட்சுரோ ஃபுஜிவாரா குழுவினர், பசுவின் நுரையீரலிலிருந்து எடுத்துப் பக்குவப்படுத்திய சர்ஃபாக்டன்டைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் நேரடியாகச் செலுத்தி நல்ல பலன் கண்டார்கள். காரணம் கண்டறியப்பட்டதற்கும் இதற்கும் இடையே இருபத்தொரு ஆண்டுகள். வெற்றியை மட்டும் சொல்லி நடுவிலிருந்த தோல்விகளை விட்டுவிடுவது பாடநூல்களின் வழக்கம். எனக்கு அந்தத் தோல்விகள்தான் அதிகம் கற்றுத்தருவதாகப் படுகிறது.

இதற்கிடையே 1971இல் ஜார்ஜ் கிரிகோரி என்ற மயக்கவியல் மருத்துவர், குழந்தை முனகித் தானே செய்துகொண்டிருந்ததைக் கருவியைக் கொண்டு செய்தார். மூச்சு விடும்போதும் காற்றுப்பாதையில் சிறிதளவு அழுத்தம் நீடிக்கும்படி அமைத்தார். சிகிச்சை பெற்ற 20 குழந்தைகளில் 16 பேர் பிழைத்தார்கள். சிபாப் என்ற பெயரில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இன்றும் பயன்படுவது இந்த முறைதான்.

மூன்றாவது வழி ஆட்டுத் தொழுவத்திலிருந்து வந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மகப்பேறு மருத்துவர் கிரஹாம் லிக்கின்ஸ், பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று அறிய ஆட்டுக் கருக்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றில் பிழைக்கவே வாய்ப்பில்லாத அளவுக்கு முன்னதாகப் பிறந்த ஒரு குட்டி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. ஸ்டீராய்டு அதன் நுரையீரலை முன்கூட்டியே முதிரச் செய்திருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். பின்பு குழந்தை மருத்துவர் ராஸ் ஹௌவியுடன் இணைந்து, குறைப்பிரசவம் நேரும் நிலையிலிருந்த 282 தாய்மார்களிடம் அவர் நடத்திய சோதனையின் முடிவுகள் 1972இல் வெளிவந்தன. பிறந்த சில நாட்களுக்குள் இறந்த குழந்தைகள் ஸ்டீராய்டு பெற்ற பிரிவில் 3.2 சதவீதம், பெறாத பிரிவில் 15 சதவீதம். இத்தனைக்குப் பிறகும் இந்தச் சிகிச்சை பரவலாக ஏற்கப்பட இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அந்தத் தயக்கத்தை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. பெரியவர்களுக்கான மருந்தளவை எடைக்கேற்பக் குறைத்தால் குழந்தைக்கு ஏற்ற அளவு கிடைத்துவிடும் என்று நம்பிய காலத்தில், குளோரம்ஃபெனிக்கால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்கப்பட்ட பச்சிளங்குழந்தைகள் உடல் சாம்பல் நிறமாகி இறந்தன. அம்மருந்தைச் செயலிழக்கச் செய்யும் ஆற்றல் அவற்றின் கல்லீரலுக்கு இன்னும் வந்திருக்கவில்லை என்பது 1950களின் இறுதியில்தான் தெரிந்தது. குழந்தைக்குத் தரும் மருந்து, வளர்ந்துகொண்டிருக்கும் உறுப்பின்மேல் வேலை செய்கிறது. அதன் விளைவு ஒரு வாரத்தில் தெரியலாம், பள்ளிப் பருவத்திலும் தெரியலாம், அதற்குப் பின்னும் தெரியலாம். அதனால் குழந்தை மருத்துவ ஆய்வில் நெடுநாள் தொடர்கண்காணிப்பு என்பது தனித்துறையாகவே வளர்ந்திருக்கிறது.

ஆக்லாந்துச் சோதனையில் பிறந்தவர்களை ஆய்வாளர்கள் 30 வயதில் தேடிப்பிடித்து மறுபடியும் சோதித்தார்கள். கருவில் ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே இரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் வேறுபாடு இல்லை. குளுக்கோஸ் கரைசலைக் குடித்த அரைமணி நேரத்தில் அளந்த இன்சுலின் மட்டும் முதல் பிரிவினரிடம் சற்றுக் கூடுதலாக இருந்தது. முடிவுகள் 2005இல் அச்சேறின. கண்காணிப்பு அதன் பிறகும் தொடர்ந்தது.