டம்பர் கொட்டிய மண் கரையாகாது

நெய்வேலிப் பக்கம் திறந்தவெளிச் சுரங்கங்களில் பழுப்பு நிலக்கரியை எடுக்க, அதன் மேலே இருக்கும் மணல்கல்லையும் களியையும் முதலில் தோண்டிக் குவிக்க வேண்டும். புல் பூண்டு இல்லாத அந்த மண்மேடுகளில் மழை விழுந்தால் ஓடி வருவது சேறுதான். அதைத் தேக்கி, வண்டலைக் கீழே படியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் வெளியே விடத்தான் வண்டல் குளம். அந்தக் குளத்தின் கரை உடைந்து போனால் சேறு வாய்க்காலில் இறங்கி, பரவனாறு வழியாகப் பெருமாள் ஏரி வரை போய்ப் படியும். வழியில் ஆள் இருந்தால் நிலைமை அதைவிட மோசம்.

கரை கட்டுவதில் நான் அதிகம் பார்க்கும் தவறு ஒன்றுதான். டம்பர் வரிசையாக மண்ணைக் கொட்டும், டோசர் தள்ளிவிடும், கரை உயரம் வந்துவிட்டது என்று ஃபோட்டோ எடுத்துவிடுவார்கள். டயர் ஓடி ஓடி மேலே ஒரு அடி கல்லு மாதிரி இறுகியிருக்கும், அடியில் பொலபொல மண். முதல் பெருமழையில் தண்ணீர் ஏறியதும் உள்மண் அமுங்கும், வெடிப்பு விடும், தண்ணீர் அதற்குள் வழி தேடிக்கொள்ளும். 1972 பிப்ரவரி 26 அன்று அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக்கில் உடைந்ததும் இப்படி நிலக்கரிச் சுரங்கக் கழிவைக் கொட்டி எழுப்பிய கரைதான். 125 பேர் இறந்தார்கள்.

சரி, எப்படிக் கட்டுவது? இருபது சென்டிமீட்டருக்கு மேல் ஒரு அடுக்கு போடாதீர்கள். ஈரம் பார்த்து, ஷீப்ஸ்ஃபுட் ரோலர் (உருளை முழுக்க ஆட்டுக்கால் போல இரும்புக் கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும் ரோலர்) ஓட்டி, அப்புறம்தான் அடுத்த அடுக்கு. ரோலரின் கால்கள் முதல் ஓட்டத்தில் மண்ணுக்குள் புதையும்; மண் இறுக இறுக மேலேறி வரும். "கால் இன்னும் ஏறல சார், ரெண்டு ஓட்டு வேணும்" என்று ஆபரேட்டர் சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள். அனுபவசாலி சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனாலும் கோர் கட்டர் (மண் மாதிரி எடுக்கும் இரும்புக் குழாய்) இறக்கி, ப்ராக்டர் அடர்த்தியில், அதாவது ஆய்வகச் சோதனையில் அந்த மண் எட்டிய உச்ச அடர்த்தியில், 95 சதவீதம் வந்திருக்கிறதா என்று எழுதி வையுங்கள்.

ஈரத்துக்குக் கைச்சோதனை உண்டு. ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடியுங்கள். உருண்டை நிற்காமல் உதிர்ந்தால் தண்ணீர் போதாது. உள்ளங்கையில் சேறாக ஒட்டினால் அதிகம். அந்த மண் மேல் எத்தனை முறை ரோலர் ஓட்டினாலும் மெத்தென்று அசையுமே தவிர இறுகாது. உருண்டை நின்று, கட்டைவிரலால் அழுத்தும்போது நாலைந்து துண்டாக உடைந்தால் ரோலர் ஓட்டலாம்.

களி எல்லாமே நல்ல களி இல்லை. ஒரு சின்னக் கட்டியை டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிய கண்ணாடி டம்ளரில் போடுங்கள்; போர் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு முடிவை மாற்றிவிடும். கட்டி நொறுங்கி அடியில் உட்கார்ந்தால் பரவாயில்லை. அதைச் சுற்றிப் பால்போலக் கலங்கல் பரவினால் அது கரைந்தோடும் களி. அதைக் கரைக்குப் பயன்படுத்தும் முன் ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

நம் பகுதியில் பல இடங்கள் முன்பு முந்திரித் தோப்பாக இருந்தவை. வேரை விட்டுவிட்டு மேலே கரை போட்டால், வேர் மக்கிய இடம் தண்ணீருக்குக் குழாயாகிவிடும். வேரோடு பெயர்த்து, கரையின் நடுக்கோட்டில் கெட்டியான களி வரை நீளப் பள்ளம் வெட்டி, களியால் இறுக்கி நிரப்புங்கள்.

கரைக்குள் போகும் வடிகால் குழாய்தான் எனக்கு எப்போதும் பயம். குழாயின் அடிவயிற்றுக்கு ரோலர் எட்டாது, கையால்தான் திமிசு போட்டு இறுக்க வேண்டும். வெளிமுனைக்கு முன்னால் குழாயைச் சுற்றி மணல் வடிகட்டி அவசியம். குளம் நிரம்பினால் மிகுதி நீர் வெளியேறும் வழியான அவசரக் கலங்கலைக் கரையின் மேல் வைக்காமல் பக்கத்து இயற்கை மண்ணில் வெட்டுங்கள். 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அப்படி ஒரு நாளை மனத்தில் வைத்துத்தான் கலங்கலின் அகலத்தைக் கணக்கிட வேண்டும்.

மழைக்காலத்தில் தினமும் கரையின் வெளி அடிவாரத்தில் நடந்து பாருங்கள். கசிவு தெளிவாக இருந்தால் அளவைக் குறித்துக் கவனியுங்கள். கலங்கிய நீராக வந்தால் உள்மண் வெளியேறுகிறது என்று அர்த்தம். பதற்றத்தில் கசிவின் வெளிவாயைக் களியால் அடைக்காதீர்கள். தண்ணீர் வேறு பக்கம் பிய்த்துக்கொண்டு வரும். கீழே இருக்கும் ஆட்களை முதலில் அப்புறப்படுத்துங்கள். குளத்து மட்டத்தைப் படிப்படியாக இறக்குங்கள். மளமளவென்று இறக்கினால் உள்சரிவு சரியும். கரையில் நிற்பது பாதுகாப்பு என்று இன்ஜினியர் சொன்னால் மட்டும், கசிவு ஊறி வரும் இடத்தின் மேல் மணல், அதன் மேல் ஜல்லி என்று போட்டு, மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் வெளியே விடுங்கள்.