வீட்டில் கிரிப்டோ மைனிங் தொடங்குகிறீர்களா? எம்சிபி (டிரிப் சுவிட்ச்) விழவில்லை என்பதற்காக ஒயரிங் சரியாக இருக்கிறது என்று நம்பாதீர்கள்

பழுதுபார்க்க வரும் மைனிங் ரிக்குகளில் (கிரிப்டோ காயினுக்காக இரவும் பகலும் கணக்குப் போடும் கம்ப்யூட்டர்கள்) பெரும்பாலும் சிப் கெட்டிருப்பதில்லை. ப்ளக், சாக்கெட், கனெக்டர் இவற்றில் ஒன்றுதான் கருகியிருக்கும். இப்போது வந்திருப்பதும் அதே ரகம். சாட்டா கனெக்டர் (ஹார்ட் டிஸ்க்குக்குப் பவர் கொடுக்கும் வகை) உருகி, கிராபிக்ஸ் கார்டை மதர்போர்டிலிருந்து தள்ளி மாட்ட உதவும் ரைசர் போர்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இழுத்தால் வராது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். பதினைந்து பின்களில் 12 வோல்ட் வரும் ஓரத்து மூன்று பின்களைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி இறுகியிருக்கிறது. மற்ற பின்கள் புதுசு மாதிரி மின்னுகின்றன. இதே உருக்கலைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

அந்த மூன்று பின்களும் தலைக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 4.5 ஆம்பியர் தாங்கும். அதாவது 54 வாட். கிராபிக்ஸ் கார்டோ தன் ஸ்லாட் வழியாக மட்டுமே 75 வாட் வரை இழுக்கலாம் என்பது விதி. ரைசரில் அது இந்தக் கனெக்டர் வழியாகத்தான் வரும். 54 தாங்கும் இடத்தில் 75 ஓடினால் உருகத்தானே செய்யும்? ரைசர் பெட்டிக்குள்ளேயே சாட்டா அடாப்டரைப் போட்டு அனுப்புகிறார்கள் என்பதற்காக அதை மாட்டிவிடாதீர்கள். தூக்கிப் போடுங்கள். பவர் சப்ளையிலிருந்து நேராக வரும் ஆறு பின் கேபிளை ரைசருக்குக் கொடுங்கள். ஒரே கேபிளில் இரண்டு ரைசருக்கு மேல் வேண்டாம்.

கேபிள் பற்றி இன்னொன்று. மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டும் வகை) பவர் சப்ளையின் கேபிளை வேறு பவர் சப்ளையில் மாட்டாதீர்கள், ஒரே கம்பெனியுடையதாக இருந்தாலும் சரி. கார்டு பக்கம் பின் வரிசைக்குப் பொதுவான தரநிர்ணயம் உண்டு. பவர் சப்ளை பக்கம் கிடையாது. கச்சிதமாக உள்ளே போகும், ஆனால் 12 வோல்ட் வரக்கூடாத பின்னில் வந்து நிற்கும். ஆன் செய்த அந்த நொடியிலேயே கார்டு போய்விடும்.

சரி, இனி சுவர்ப் பக்கம். அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்தான் எம்சிபி. இங்கேதான் ஒரு தவறான நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது: "எம்சிபி இருக்கிறதே, ஏதாவது என்றால் அது விழுந்துவிடும்." விழாது. ப்ளக் கருகும்போது எம்சிபி விழாது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

எம்சிபி பார்ப்பது, தன் வழியாக எத்தனை ஆம்பியர் போகிறது என்பதை மட்டும்தான். அந்தக் கரண்ட் போகும் வழியில் எந்த ஸ்க்ரூ லூஸ், எந்த சாக்கெட்டின் பித்தளைப் பட்டை தளர்ந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. 14 ஆம்பியர் ஓடும் லைனில் ஒரு லூஸ் கனெக்ஷன் வெறும் 0.1 ஓம் தடை கொடுக்கிறது என்று வையுங்கள். கரண்டின் வர்க்கம் பெருக்கல் தடை: 14 × 14 × 0.1 = 19.6 வாட். ஏறக்குறைய ஒரு சிறிய சால்டரிங் அயர்னின் சூடு, ப்ளக்கின் ஒற்றைப் பின் முனையில், பிளாஸ்டிக்குக்கு நடுவே, இரவும் பகலும். எம்சிபிக்குத் தெரிவதோ அதே 14 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்சிபி ஏன் விழப்போகிறது? கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் உதவாது. ஃபேஸில் போன கரண்ட் முழுதும் நியூட்ரலில் திரும்பி வந்துவிடுவதால் அதன் கணக்கில் கசிவே இல்லை. சூடு ஏற ஏற அந்த இடம் ஆக்சைடு பிடிக்கும், தடை கூடும், சூடு இன்னும் கூடும். மாதக்கணக்கில் நல்லபடியாக ஓடிய ரிக் ஒருநாள் திடீரென்று கருகுவது இப்படித்தான்.

ஓவர்லோடு ஆனாலாவது உடனே விழுமா? அதுவும் இல்லை. வீட்டு எம்சிபிக்கான சர்வதேசத் தரத்தின்படி, 16 ஆம்பியர் எம்சிபி தன் அளவில் 1.13 மடங்கு, அதாவது சுமார் 18 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழக்கூடாது. 1.45 மடங்கு, ஏறத்தாழ 23 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். இடைப்பட்ட கரண்டில் ஒயர் வெந்துகொண்டே இருக்கலாம்.

"இதே சாக்கெட்டில் இஸ்திரிப்பெட்டி ஓடியதே" என்பார்கள். இஸ்திரிப்பெட்டி தெர்மோஸ்டாட்டால் விட்டுவிட்டு எரியும், அரை மணியில் நிறுத்திவிடுவோம். சாக்கெட் ஆற நேரம் கிடைக்கும். மைனிங்குக்கு அந்த ஓய்வே கிடையாது. அதனால் தொடர்ந்து ஓடும் லோடுக்குச் சர்க்யூட் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 16 ஆம்பியர் லைனில் 12.8 ஆம்பியர், 230 வோல்ட்டில் 2,944 வாட். அதே லைனில் வேறு எது ஓடினாலும் இதிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். பிட்காயின் மைனிங்குக்கென்றே செய்த 95 டெராஹாஷ் (நொடிக்குப் போடும் கணக்கின் அளவு) ஆன்ட்மைனர் எஸ்19 மெஷின் இழுப்பது 3,250 வாட், அதாவது 14 ஆம்பியருக்கு மேல். அதை 16 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டவே கூடாது. டிபி பாக்ஸிலிருந்து (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) தனியாக 20 ஆம்பியர் எம்சிபி, 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்று தனி லைன் இழுங்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்யுங்கள்.

அடிக்கடி விழுகிறது என்று 16 ஆம்பியர் எம்சிபியைக் கழற்றி 32 போட்டவர்கள் இருக்கிறார்கள். உள்ளே ஒயர் அதேதான். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் இனி முதலில் எரியப்போவது சுவருக்குள் இருக்கும் ஒயர்.

ஆர்சிசிபி விழுகிறது என்று அதை பைபாஸ் செய்வதும் அதே அளவு ஆபத்து. ஒவ்வொரு பவர் சப்ளையின் ஃபில்டரும் எர்த்துக்குக் கொஞ்சம் கரண்ட் விடும், சில மில்லிஆம்பியர் வரை. நாலைந்து பவர் சப்ளை ஒரே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியில் தொங்கினால் அது விழுவது இயல்பு. லைனைப் பிரித்து, லைனுக்கொரு ஆர்சிசிபி போடுங்கள். ரிக்கின் ஃபிரேமைத் தொட்டால் விரல் கூசுகிறதா? எர்த் வரவில்லை. அன்றே நிறுத்துங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால் சுருட்டி வைக்காமல் முழுதும் விரித்துப் போடுங்கள். சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை.

பவர் சப்ளை அளவை லோடுக்குச் சமமாக வாங்காதீர்கள். 800 வாட் லோடுக்கு 1,000 வாட்டாவது வேண்டும். பவர் சப்ளையின் பெட்டியில் எழுதியிருக்கும் 1,000 வாட் அது வெளியே தரும் அளவு. 90 சதவீதத் திறன் என்றால் முழு லோடில் சுவரிலிருந்து 1,111 வாட் போகும். கணக்கை நம்புவதைவிட, ப்ளக்கில் மாட்டும் வாட்மீட்டர் ஒன்று வாங்கிப் பாருங்கள். கார்டின் பவர் லிமிட்டை (மென்பொருளில் வைக்கும் வாட் வரம்பு) 65, 70 சதவீதத்துக்கு இறக்கினால் ஹாஷ்ரேட் (மைனிங் வேகம்) அந்த அளவுக்குக் குறையாது. சூடு நன்றாகக் குறையும். இதைச் செய்யாமல் ஃபேன் வேகத்தை மட்டும் ஏற்றி பேரிங்கைத் தேய்க்கிறவர்கள் அதிகம்.

லாபக் கணக்கு சுருக்கமாக. 1 கிலோவாட் ரிக் மாதம் 720 யூனிட் எடுக்கும். அந்த மின்சாரம் முழுதும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வரும். அதை வெளியேற்ற ஏசி போட்டால் அதற்கும் யூனிட் சேரும். கிராபிக்ஸ் கார்டில் பிட்காயின் எடுக்கலாம் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். பல வருடமாக அது ஆசிக் மெஷின்களின் (அந்த ஒரே வேலைக்கென்று செய்த சிப் உள்ளவை) வேலை. கார்டுகளுக்குச் சோறு போட்ட எத்தீரியம் என்ற காயின் 2022 செப்டம்பர் 15 அன்று மைனிங்கையே கைவிட்டது. 2024 ஏப்ரலில், பிட்காயினில் ஒரு பிளாக் (பரிவர்த்தனைத் தொகுப்பு) பிடித்தால் கிடைக்கும் பரிசு 3.125 பிட்காயினாகப் பாதியானது. பழைய வீடியோவைப் பார்த்து இன்று ரிக் கட்டாதீர்கள்.

கற்றுக்கொள்ள ஆசையா? தாராளமாகச் செய்யுங்கள், சிறியதாக. மொனேரோ என்ற காயினின் மைனிங் முறையான ரேண்டம்எக்ஸ் சாதாரண சிபியுவுக்காகவே செய்தது. ஒரு த்ரெட்டுக்கு (சிபியு ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைகளில் ஒன்று) சிபியுவுக்குள் 2 எம்பி கேஷ் நினைவகம், இரண்டு ஜிபிக்கு மேல் காலி ராம் இருந்தால் டெஸ்க்டாப்பில் எக்ஸ்எம்ரிக் என்ற மைனிங் மென்பொருள் ஓடும். லேப்டாப்பில் வேண்டாம், பேட்டரி உப்பும். மொபைலில் வேண்டவே வேண்டாம். போனிலேயே மைனிங் செய்யும் ஆப்களைக் கூகுள் பிளே 2018-லேயே தடை செய்துவிட்டது.

பிட்காயினே வேண்டுமென்றால் பிட்ஆக்ஸ் மாதிரி ஒற்றைச் சிப் மைனர் 20 வாட்டுக்குள் அடங்கும். 1.2 டெராஹாஷ் மெஷின் ஒன்று, 2024 நடுவில் இருந்த 600 எக்ஸாஹாஷ் (ஒரு எக்ஸாஹாஷ் பத்து லட்சம் டெராஹாஷ்) நெட்வொர்க்கில் தனியாக ஒரு பிளாக் பிடிக்கச் சராசரியாக 9,500 ஆண்டு ஆகியிருக்கும். தெரிந்தே வாங்குங்கள். ஒற்றைச் சிப் மாடல்கள் 5 வோல்ட்டில் ஓடுபவை. வீட்டில் கிடக்கும் 12 வோல்ட் அடாப்டரின் ஊசியும் அதே ஓட்டையில் போகும், போர்டு செத்துவிடும். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைப் படித்த பிறகே செருகுங்கள்.

ரிக்கைப் படுக்கையறையில் வைக்காதீர்கள். மேலே புகை அலாரம் மாட்டுங்கள், பக்கத்தில் டிரை பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு அணைப்பான் வையுங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, முதலில் மெயினை அணைக்க வேண்டும். ஆன் செய்த ஒரு மணி நேரத்தில் ஒருமுறை, பிறகு வாராவாரம், ப்ளக்கின் முதுகில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் உடனே அணையுங்கள்.

ப்ளக் பழுப்பேறியிருந்தால் அதை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி ஓட்டாதீர்கள். ஒருமுறை சூடேறிய சாக்கெட்டின் உள்பட்டை பிடிப்பை இழந்துவிடும். அதில் போடும் புது ப்ளக்கும் அதே இடத்தில் கருகும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், உள்ளே ஒயர் நுனி கறுத்திருந்தால் நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டு முடுக்குங்கள்.