டிரான்ஸ்பார்மர், மின்மாற்றி: மாற்றுவது எதை, பூசுவது எதற்கு?

பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டத்தில் மோட்டார் திணறினால் "டிரான்ஸ்பார்மர் லோடு தாங்கல" என்பார்கள். வயதானவர்கள் சிலர் வாயில் அது டிரான்ஸ்பாரம். ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் கன்னட விவசாயிகளுக்கு அதுவே டி.சி. (ஆங்கிலத்தில் T.C.); அவர்களுடைய செய்தித்தாள்களில் 'வித்யுத் பரிவர்த்தக'. நம் பாடநூலும் மின்வாரிய அறிவிப்பும் மின்மாற்றி என்கின்றன.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். டிரான்ஸ் என்றால் அப்பால், ஃபார்மா என்றால் வடிவம். 1831-இல் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச்சுருள்களைச் சுற்றினார். ஒன்றில் மின்சாரத்தை விடும்போதும் நிறுத்தும்போதும் மற்றதில் ஒரு துடிப்பு எழுந்தது. 1885-இல் புடாபெஸ்ட் நகரில் சிபெர்னோவ்ஸ்கி, பிளாத்தி, டேரி என்ற மூன்று பொறியாளர்கள் அந்தத் தத்துவத்தை ஊருக்கு மின்சாரம் கொடுக்க உதவும் கருவியாக ஆக்கினார்கள். டிரான்ஸ்பார்மர் என்று பெயரிட்டவர் பிளாத்தி என்பார்கள்.

அப்படியே பெயர்த்தால் 'உருமாற்றி' என்று வரும். அந்த 'உரு'வைத் தமிழில் விட்டுவிட்டது நல்லதுதான். எந்த உருவமும் அங்கே மாறுவதில்லை. மாற்று என்ற வினையோடு இகரம் சேர்ந்து மாற்றி. ஒலிபெருக்கி, மின்தூக்கி போல. தானாக மாறுவதல்ல, மாற்றுவது. அதனால் சில பலகைகளில் தென்படும் 'மின்மாறி' பிழை. மின் மாற்றி என்று பிரிக்காமல் ஒரே சொல்லாக எழுத வேண்டும்.

ஒரு குறை உண்டு. எதை மாற்றுகிறது என்று சொல் சொல்லவில்லை. மாறுமின்சாரத்தை (ஏ.சி.) நேர்மின்சாரமாக (DC) ஆக்குகிற வேலை இதனுடையதல்ல, அது அலைதிருத்தியின் வேலை. மின்சாரத்தை உண்டாக்குவதும் இல்லை. மாறுவது அழுத்தமும் அதோடு சேர்ந்து ஓட்டமும்தான். கிராமத்துக்கு வரும் 11,000 வோல்ட், மோட்டாருக்கு ஏற்ப 433 வோல்ட்டாக இறங்குகிறது. 100 கே.வி.ஏ. திறனுள்ள மின்மாற்றி முழுச் சுமையில் இருந்தால் 11,000 வோல்ட் பக்கம் 5 ஆம்பியர் சொச்சம், 433 வோல்ட் பக்கம் 133 ஆம்பியர். இதைத்தான் இறக்கு மின்மாற்றி என்கிறோம். மின் நிலையத்தில் அழுத்தத்தைக் கூட்டி அனுப்புவது ஏற்று மின்மாற்றி.

இந்த மாற்றத்தில் கொஞ்சம் வெப்பமாகப் போகிறது. மும்முனை மின்சாரம் வந்ததும் வரிசையாக எல்லாப் போர்வெல் மோட்டாரும் ஓடும் நேரத்தில் அந்தச் சூடு ஏறுகிறது. தொட்டிக்குள் நிரப்பியிருக்கும் எண்ணெய் அதை வாங்கி மேலேறி, பக்கவாட்டுத் தகடுகள் வழியே இறங்கிக் குளிர்கிறது. அந்தத் தகடுகளுக்கு ரேடியேட்டர் என்று பெயர். கதிர்வீசி என்று பெயர்த்தால் பொருந்தாது, ஏனென்றால் சூட்டில் பெரும்பகுதியை உரசி மேலேறும் காற்றே கொண்டுபோகிறது. என் விருப்பம் 'குளிர்த்தகடு'.

அப்புறம் பெயிண்ட். ஒப்பந்த அறிவிப்புகளில் 'வண்ணம் பூசுதல்' என்று வருகிறது. வீட்டுச் சுவருக்குச் சரி. இங்கே வேலை துருவைத் தடுப்பது, அதனால் 'காப்புப் பூச்சு' என்பதே சரியான சொல். நிறம் இரண்டாவது. இந்தியாவில் வழக்கமாக ஐ.எஸ். 5 என்ற இந்திய நிறத் தரத்தின் 631-ஆம் எண், அதாவது வெளிர் சாம்பல். வெயிலை அதிகம் வாங்காது. சாம்பலோ பச்சையோ, சாதாரணப் பெயிண்ட் சூட்டைக் கதிராக வெளிவிடுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. பளபளக்கும் அலுமினியப் பெயிண்ட் மட்டும் அதைவிடக் குறைவாகவே விட்டு, சூட்டைப் பிடித்து வைக்கும். 'வெள்ளி போல இருக்கட்டும்' என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும்.

வேலை வரிசையைத் தவறவிட்டால் காசு வீண். முதலில் லைன் கிளியர், அதாவது மின்சாரத்தை நிறுத்தியதற்கான உறுதி, வாங்கி, இரண்டு பக்கமும் எர்த் செய்ய வேண்டும். அது இல்லாமல் ஏணியே வைக்கக் கூடாது. மூட்டுகளை அடைக்கும் கேஸ்கட் வழியே எண்ணெய் கசிந்தால் அதை அடைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். கிருஷ்ணகிரியில் கல் அறுக்கும் பட்டறைகளுக்குப் பக்கத்திலிருக்கும் மின்மாற்றிகளில் கசிந்த எண்ணெயில் கல்தூசி ஒட்டி அடையாகிவிடும். அதன்மேல் எந்தப் பூச்சும் நிற்காது. எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, காய்ந்த பிறகு மேல்பூச்சு. தகடுகளுக்கு நடுவே பிரஷ் போகாது. தொழிற்சாலையில் பெயிண்டை மேலிருந்து வழியவிட்டுப் பூசுவார்கள். கையால் அடித்தால் வெளிவிளிம்பு மினுங்கும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். தடிதடியாய் அப்புவதும் கூடாது, இடைவெளி குறைந்து காற்றோட்டம் கெடும்.

பூசக் கூடாத இடங்களும் உண்டு. கம்பி உள்ளே நுழையும் இடத்திலுள்ள பீங்கான் காப்பான புஷிங்கில் பெயிண்ட் பட்டால் அதன் மேற்பரப்பில் மின்கசிவுக்கு வழி உண்டாகும். எர்த் இணைப்பு வெற்று உலோகமாக இருக்க வேண்டும். காற்று உள்ளே போய்வரும் பிரீதர் என்கிற மூச்சுக்குடுவையின் கண்ணாடியை மறைத்தால், உள்ளே சிலிக்கா ஜெல் ஈரம் குடித்து நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானது யாருக்கும் தெரியாது. அதிகம் நடக்கிற தவறு பெயர்ப்பலகையின் மேலேயே அடித்துவிடுவது. கே.வி.ஏ., வரிசை எண், எண்ணெய் அளவு, டி.ஒய்.என். 11 என்ற சுருள் இணைப்பு வகை எல்லாம் அதில்தான் இருக்கின்றன. சுருள் எரிந்து ரிப்பேருக்குப் போகும் நாளில் பட்டறைக்காரர் தின்னர் துணியோடு அதைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.