ரெஜிமெண்ட்: கனடாவின் நாட்டுப்படையில் ஒரு சொல்லின் வழிமுறை

கனடாவின் போர்வரலாற்றைத் தமிழில் எழுத முற்படுபவர் முதல் பக்கத்திலேயே இடறும் சொல் 'ரெஜிமெண்ட்'. நம் அகராதிகள் அதற்குப் 'படைப்பிரிவு' என்று பொருள் தருகின்றன; செய்தித்தாள்களும் அதையே வழிமொழிகின்றன. ஆனால் டிவிஷன், பிரிகேட், பட்டாலியன், கம்பெனி ஆகிய எல்லாவற்றிற்கும் அதே 'படைப்பிரிவு' பயன்படுவதால், படிப்பவருக்குப் பத்தாயிரம் பேரைக் கொண்ட அமைப்பும் நூறு பேரைக் கொண்ட அமைப்பும் ஒன்றாகவே தோன்றும். கனடாவைப் பொறுத்தவரை குழப்பம் இதோடு நிற்பதில்லை. அங்கே காலாட்படை ரெஜிமெண்ட் என்பது ஆள்தொகையைக் குறிக்கும் அளவுச்சொல்லே அன்று. போர்க்களத்தில் நிற்பது பட்டாலியன்; பெயரையும் கொடியையும் போர்ச்சிறப்புகளையும் (பங்கேற்ற போர்களின் பெயரால் படைக்கு வழங்கப்படும் சிறப்புகளையும்) முன்னோர் வழியையும் தன் உடைமையாகக் காப்பது ரெஜிமெண்ட். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதை அறிய, ஒண்டாரியோ மாகாணத்தின் ஹாமில்டன் நகரைச் சேர்ந்த ராயல் ஹாமில்டன் லைட் இன்ஃபன்ட்ரி என்னும் பகுதிநேரப் படையணியின் வரலாற்றைத் தொடர்ந்து செல்வது நல்ல வழி.

சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'ஆளுதல், நெறிப்படுத்துதல்' என்னும் பொருளுடைய 'ரெகெரே' என்ற வினையிலிருந்து 'ரெஜிமென்டும்' என்ற பிற்கால இலத்தீன் பெயர்ச்சொல் பிறந்தது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது முதலில் 'ஆட்சி' என்பதையே குறித்தது. 16ஆம் நூற்றாண்டில்தான் ஒரே கர்னலின் ஆணைக்கும் தண்டனை அதிகாரத்துக்கும் உட்பட்ட படைவீரர் கூட்டம் என்ற பொருள் அதில் ஏறியது. எத்தனை பேர் என்பதை விட யாருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதே சொல்லின் கருப்பொருளாக இருந்திருக்கிறது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

உடன்வரும் இன்னொரு சொல் 'மிலிசியா'. இதுவும் இலத்தீனே: போர்வீரனைக் குறிக்கும் 'மீலெஸ்' என்ற சொல்லிலிருந்து 'படைப்பணி' என்ற பொருளில் உருவானது, நாம் அன்றாடம் சொல்லும் 'மிலிட்டரி'யும் இதே குடும்பம். இன்றைய தமிழ்ச் செய்திகளில் மிலிசியா என்றாலே மேற்காசியாவின் ஏதோவொரு ஆயுதக்குழு என்று எழுதிவிடுகிறார்கள். கனடாவின் மிலிசியாவுக்கு அந்தச் சொல் ஒருபோதும் பொருந்தாது. அது அரசின் சட்டத்தால் அமைந்து அரசுக்கே கட்டுப்பட்டு நிற்கும் குடிமக்கள் படை. அந்நிலம் பிரெஞ்சுக் குடியேற்றமாகப் புதிய பிரான்ஸ் என்று அழைக்கப்பட்ட காலத்திலேயே, 1669இல் பதினான்காம் லூயி மன்னரின் ஆணைப்படி, உடல்வலிமையுள்ள ஆண்கள் பங்கு (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) வாரியாகக் குழுக்களாகச் சேர்க்கப்பட்டு ஒவ்வொரு பங்குக்கும் ஒரு மிலிசியாத் தலைவர் அமர்த்தப்பட்டார். ஆங்கிலேயர் ஆட்சியில் மேல் கனடாவில் (இன்றைய ஒண்டாரியோவின் தென்பகுதி) 1793இல் இயற்றப்பட்ட சட்டம் 16 முதல் 50 வயது வரையுள்ள ஆண்களை ஆண்டுதோறும் அணிவகுப்புக்கு வரக் கட்டாயப்படுத்தியது. அதெல்லாம் பெரும்பாலும் ஏட்டளவுப் படை. பெயரைப் பதிவு செய்துவிட்டுக் கலைந்து போவதே வழக்கம். கிரிமியப் போருக்காகப் பிரிட்டிஷ் துருப்புகள் வெளியேறிய நிலையில், 1855இன் சட்டம் முதன்முறையாக 5,000 தன்னார்வலரைச் சம்பளத்தோடும் சீருடையோடும் பயிற்றுவிக்க வழிசெய்தது. இன்றைய கனடிய நாட்டுப்படை அணிகள் பலவற்றின் பிறப்பு இந்தச் சட்டத்துக்குப் பின்னரே தொடங்குகிறது.

'நாட்டுப்படை' என்று நான் எழுதியது புதிதாகப் புனைந்த சொல் அன்று. திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு உரை வகுத்த பரிமேலழகர் மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்று படையை ஆறாக வகுக்கிறார். நாட்டின் குடிகளிலிருந்தே திரட்டப்படுவது என்ற அளவில் மிலிசியாவுக்கு இதைவிட நெருக்கமான சொல் நம்மிடம் இல்லை. அந்த ஆறனுள் தலைசிறந்ததாக அவர் வைப்பது முன்னோர் காலந்தொட்டு வழிவழியாக வரும் மூலப்படையை. குறளோ 'தொல்படை' என்கிறது. கனடாவில் காணும் வேடிக்கை என்னவென்றால், நாட்டுப்படையாகத் தொடங்கிய அமைப்பே காலப்போக்கில் தொல்படைக்குரிய பெருமையைக் கோரலாயிற்று.

1861இன் இறுதியில் டிரென்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலை அமெரிக்கக் கடற்படை மறித்ததால் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூளும் என்ற அச்சம் எழுந்தபோது, கனடிய நகரங்களில் தன்னார்வக் கம்பெனிகள் பெருகின. ஹாமில்டனில் தனித்தனியே இயங்கிய கம்பெனிகளை ஒன்றுசேர்த்து 1862 டிசம்பர் 11 அன்று 13ஆம் தன்னார்வ நாட்டுப்படைப் பட்டாலியன் உருவாக்கப்பட்டது. பெயரில் ரெஜிமெண்ட் என்ற சொல்லே இல்லை. 13 என்ற வரிசை எண்ணும் பட்டாலியன் என்ற சொல்லும்தான் இருந்தன. நான்காம் ஆண்டிலேயே சோதனை வந்தது. அயர்லாந்தின் விடுதலையை முன்னிட்டு அமெரிக்காவிலிருந்து எல்லை தாண்டி வந்த ஃபீனியர்களை 1866 ஜூன் 2 அன்று ரிட்ஜ்வே என்ற ஊருக்கருகே எதிர்த்தவர்களுள் இந்த 13ஆம் பட்டாலியனும் டொராண்டோவின் குயின்ஸ் ஓன் ரைபிள்ஸும் இருந்தன. படைநடத்தியவர் 13ஆம் பட்டாலியனின் தளபதி ஆல்ஃபிரட் புக்கர். குதிரைப்படை வருகிறது என்ற பொய்க் கூச்சலை நம்பிச் சதுர அணிவகுப்புக்கு ஆணை பிறக்க, அதைக் கலைக்க மறு ஆணை பிறக்க, குழம்பிய இளைஞர்கள் பின்வாங்கினர். வெற்றியில் பிறந்த படையணி என்று ஹாமில்டன்காரர்கள் சொல்லிக்கொள்ள முடியாது. ஆயினும் இன்று வரை அந்தப் படையணியின் வரலாறு ரிட்ஜ்வேயை மறைக்காமலேயே சொல்லப்படுகிறது. அன்று குயின்ஸ் ஓன் ரைபிள்ஸின் அட்ஜுடன்ட் (தளபதியின் நிர்வாக உதவி அதிகாரி) பொறுப்பில் களத்தில் நின்ற வில்லியம் ஆட்டர் என்ற இளைஞரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை மீண்டும் அவரிடம் வரும்.

1900இல் நாட்டுப்படையின் காலாள் பட்டாலியன்கள் அனைத்தும் ஒரே ஆணையில் 'ரெஜிமெண்ட்' ஆக்கப்பட்டன. ஆள் கூடவில்லை, ஆயுதம் கூடவில்லை. 13ஆம் பட்டாலியன் 13ஆம் ரெஜிமெண்ட் ஆயிற்று, அவ்வளவே. ஆனால் பொருள் மாற்றம் இங்கேதான் நிகழ்ந்தது. ஒரே ஒரு பட்டாலியனை மட்டுமே கொண்ட அமைப்பு, பல பட்டாலியன்களைக் கொண்ட ஐரோப்பிய அமைப்பின் பெயரைத் தாங்கியபோது, அந்தப் பெயரிலிருந்து அளவு கழன்று விழுந்து தகுதி மட்டும் எஞ்சியது.

1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் நாட்டுப்படை அமைச்சர் சாம் ஹியூஸ், ஏற்கெனவே வகுக்கப்பட்டிருந்த திரட்டுத் திட்டத்தை ஒதுக்கிவிட்டு, கியூபெக்கின் வால்கார்ட்டியே முகாமில் எல்லா ஊர்த் தன்னார்வலரையும் குவித்து, அவர்களைப் புதிய எண்களிட்ட பட்டாலியன்களாகப் பிரித்தார். கனடிய வெளிநாட்டுப் போர்ப்படை என்ற இந்தத் தற்காலிகச் சேனை நாட்டுப்படைக்குச் சட்டப்படி அயலானது. போர் முடிவதற்குள் 260 எண்கள் வரை பட்டாலியன்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை இங்கிலாந்தை அடைந்ததும் உடைக்கப்பட்டு மற்றவற்றின் இழப்பை நிரப்பவே பயன்பட்டன. நான்கு டிவிஷன்களாகப் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் போரிட்டவை 48 காலாள் பட்டாலியன்களே. எண்கள் தந்த குழப்பத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும்: ஹாமில்டனின் 13ஆம் ரெஜிமெண்ட்டிலிருந்து சென்றவர்கள் 4ஆம் பட்டாலியனில் சேர்க்கப்பட்டனர், வெளிநாட்டுப் படையின் 13ஆம் பட்டாலியனோ மொன்றியலின் ஹைலாண்டர்களை (ஸ்காட்லாந்து மரபைப் பின்பற்றும் படைவீரர்களை) கொண்டிருந்தது. 4ஆம் பட்டாலியன் 1915 ஏப்ரல் 23 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் களத்தில் திறந்த வெளியைக் கடந்து முன்னேறியபோது அதன் தளபதி ஆர்தர் பர்ச்சல் உள்ளிட்ட பலர் மாண்டனர். அந்தத் தியாகம் யாருடைய வரலாற்றில் எழுதப்பட வேண்டும்? ஆள் அனுப்பிய ஹாமில்டன் ரெஜிமெண்ட் ஒரு படையணியாகக் கடல் கடக்கவே இல்லை. களம் கண்ட 4ஆம் பட்டாலியனுக்கோ 1920க்குப் பின் வாழ்வே இல்லை, கலைக்கப்பட்டுவிட்டது.

இந்தச் சிக்கலைத் தீர்க்க அமைக்கப்பட்ட குழுவின் தலைவர்தான் ரிட்ஜ்வேயில் நின்ற அதே வில்லியம் ஆட்டர்; அப்போது அவர் சர் பட்டம் பெற்ற முதிய ஜெனரல். நாடெங்கும் கருத்துக் கேட்டு 1920இல் நாட்டுப்படையை மறுசீரமைத்தபோது எட்டப்பட்ட தீர்வுக்குத்தான் 'பெர்பெச்சுவேஷன்' என்று பெயர். கலைந்துபோன பட்டாலியனின் நினைவையும் போர்ச்சிறப்புகளையும் ஏதேனும் ஒரு நாட்டுப்படை ரெஜிமெண்ட் ஏற்றுத் தொடர வேண்டும் என்பது அதன் சாரம். அகராதி வழியில் 'நிரந்தரமாக்கல்' என்று பெயர்த்தால் பொருள் கெடும்; எதுவும் நிரந்தரம் ஆக்கப்படவில்லை, மறைந்த ஒன்றின் மரபை வாழும் ஒன்று ஏற்கிறது. ஆகவே 'மரபேற்பு' என்ற சொல்லை நான் பரிந்துரைக்கிறேன். நம்மூர்ச் சுவீகாரத்தைத் தலைகீழாக்கினாற்போன்ற ஏற்பாடு இது: மூத்தவர் இளையவரைப் பிள்ளையாக ஏற்பதற்குப் பதிலாக, உயிரோடிருப்பவர் மாண்டவரை முன்னோராக ஏற்கிறார்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. ஒரு படையணி தொடக்க நாள் முதல் பெயர் மாறியும் இணைந்தும் வந்த முறையைக் கனடிய ஆவணங்கள் 'லினியேஜ்' என்கின்றன; மரபேற்பு வேறு தலைப்பில் தனியே பதியப்படுகிறது. ஹாமில்டன் படையணி 1862இல் 13ஆம் பட்டாலியனாகப் பிறந்து, 1900இல் 13ஆம் ரெஜிமெண்ட்டாகி, 1920இல் ராயல் ஹாமில்டன் ரெஜிமெண்ட், 1927இல் ராயல் ஹாமில்டன் லைட் இன்ஃபன்ட்ரி என்று பெயர் மாறி, 1936இன் பெரும் சீரமைப்பில் அண்டைப்பகுதியின் வென்ட்வொர்த் ரெஜிமெண்ட்டுடன் இணைந்து அந்தப் பெயரையும் அடைப்புக்குறிக்குள் ஏற்றது: இது லினியேஜ். 4ஆம் பட்டாலியனும் ஹாமில்டன் நகரின் பெயரைத் தாங்கிய 120ஆம் பட்டாலியனும் இந்த வரிசையில் இடம்பெறா. அவை மரபேற்பால் வந்தவை. முன்னதற்குப் 'படைவழி' என்ற சொல் பொருந்தும். படைமாட்சி அதிகாரத்தில் 'வழிவந்த வன்கணதுவே படை' என்று வரும் தொடரில் 'வழி' என்பது மரபுத்தொடர்ச்சியையே குறிக்கிறது. அதனால் 'வம்சாவளி' என்று எழுதிக் குருதி உறவின் சாயலை ஏற்ற வேண்டிய தேவை இல்லை.

இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939இல் கனடா 1914இன் தவற்றை மீண்டும் செய்யவில்லை. நாட்டுப்படை ரெஜிமெண்ட்கள் தத்தம் பெயரிலேயே பட்டாலியன்களைத் திரட்டின. வீரர்களிடையே தலைப்பெழுத்துகளைக் கொண்டு 'ரைலீஸ்' என்று செல்லமாக வழங்கப்பட்ட ஹாமில்டன் படையணி, 1942 ஆகஸ்ட் 19 அன்று பிரான்ஸின் டியெப் கடற்கரையில் இறங்கியது அந்தப் பெயரோடுதான். கரையோரச் சூதாட்ட மாளிகையைச் சுற்றி நடந்த சண்டையிலும் கடற்கரைக் கூழாங்கற்களின் மேலும் அந்த ஒரு காலைப்பொழுதில் அவர்களுள் கிட்டத்தட்ட 200 பேர் உயிரிழந்தனர். படையணியின் குருவானவர் ஜான் வியர் ஃபுட் காயமுற்றோரைச் சுமந்து படகுகளில் ஏற்றிவிட்டு, தாம் ஏறிச் செல்ல வாய்ப்பிருந்தும், சிறைப்பட்டவர்களோடு இருப்பதற்காகக் கரைக்குத் திரும்பினார். 1946இல் அவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. ஹாமில்டனில் படையணியின் இருப்பிடமான பயிற்சிக்கூடம் இன்று அவர் பெயரால் வழங்குகிறது. டியெப் போர்ச்சிறப்பைக் கோர இவர்களுக்கு மரபேற்பு தேவைப்படவில்லை. ஈப்ர் போர்ச்சிறப்போ 4ஆம் பட்டாலியன் வழியாக வந்தது. இரண்டும் ஒரே கொடியில் தைக்கப்பட்டிருக்கின்றன, பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது.

கொடி என்றேன். ஆங்கிலத்தில் படைக்கொடியைக் குறிக்கும் 'கலர்ஸ்' என்ற சொல்லை 'வண்ணங்கள்' என்று பெயர்த்த கட்டுரைகளைக் கண்டிருக்கிறேன். 'படையணிக் கொடி' என்பதே சரி. எல்லாப் படையணிகளுக்கும் கொடி உண்டு என்றும் எண்ணிவிடலாகாது. குயின்ஸ் ஓன் போன்ற ரைபிள் படையணிகள் மரபுப்படி கொடி ஏந்துவதில்லை.

'மிலிசியா' என்ற பெயரும் நிலையாக இருக்கவில்லை. 1940இல் கனடிய மிலிசியா முழுவதும் கனடியத் தரைப்படை என்று பெயர் பெற்றது. 1950களில் பகுதிநேரப் பிரிவுக்கு மட்டும் பழைய பெயர் மீண்டது. இன்று ஆவணங்களில் 'சேமப்படை' என்னும் பொருளுள்ள பெயர் ஆள்கிறது. ஆகவே 19ஆம் நூற்றாண்டைப் பற்றி எழுதும்போது நாட்டுப்படை என்றும், இன்றைய நிலையைச் சொல்லும்போது சேமப்படை என்றும் காலத்துக்கேற்ப எழுதுவதே பொருத்தம்.

ரெஜிமெண்ட்டுக்கு வருவோம். இலங்கைத் தமிழ் இதழ்கள் கஜபா ரெஜிமெண்ட்டைக் 'கஜபா படையணி' என்று நெடுங்காலமாக எழுதி வருகின்றன. தமிழகத்தில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றே பெரும்பாலும் எழுதுகிறோம். 'படையணி' சுருக்கமானது, தனித்த அடையாளத்தையும் உணர்த்துவது. கனடியப் பொருளுக்கு அதுவே தகும். பட்டாலியனுக்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை: ஐரோப்பியரிடமிருந்து அதே சொல்லை வாங்கி நம் நாவுக்கேற்பத் திரித்ததே 'பட்டாளம்'. 'பட்டாளத்துக்குப் போனான்' என்று பொதுவாகச் சொல்லிப் பழகியதால் அதன் நுட்பப் பொருள் மங்கிவிட்டது. வரலாற்று நூல்களிலாவது '4ஆம் பட்டாளம்' என்று எழுதி அதை மீட்கலாம். சிறப்புப் பெயர்களை மட்டும் மொழிபெயர்க்காமல் விடுவது நல்லது. லைட் இன்ஃபன்ட்ரியை 'இலகு காலாட்படை' ஆக்கினால் அது இன்றும் அந்த வகைப் போர்முறைக்கென அமைந்தது என்ற பிழையான எண்ணம் எழும். அது வெறும் மதிப்புப் பட்டம்.

படையணியை அளவாகக் கொள்ளக்கூடாது என்பதற்கு ஐயமற்ற சான்று 1960களின் நடுப்பகுதியில் கிடைக்கிறது. நாட்டுப்படையைச் சுருக்கியபோது அரசு பல படையணிகளைக் கலைக்கவில்லை. ஆளில்லாத நிலைக்குக் கொண்டுசென்று 'துணைப் படைவரிசை' என்ற பட்டியலில் பெயரை மட்டும் நிறுத்தி வைத்தது. ஒண்டாரியோவின் பெர்த் ரெஜிமெண்ட், மொன்றியலின் விக்டோரியா ரைபிள்ஸ் ஆகியவற்றில் இன்று ஒரு வீரர்கூட இல்லை. ஆனால் சட்டப்படி அவை உள்ளன. 1860இல் தோன்றிய ஹாலிஃபாக்ஸ் ரைபிள்ஸும் இந்தப் பட்டியலில்தான் கிடந்தது. 2009இல் அதற்கு மீண்டும் ஆள் சேர்த்தபோது, புதிதாக எதையும் நிறுவியதாக எவரும் எழுதவில்லை. 2012இல், பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே நடந்த 1812ஆம் ஆண்டுப் போரின் இருநூறாம் ஆண்டை ஒட்டி, அக்கால நாட்டுப்படை அமைப்புகளின் மரபையும் இன்றைய படையணிகள் ஏற்கலாம் என்று அரசு அறிவித்தது. 'கனடாவின் பாதுகாப்பு 1812–1815' என்னும் போர்ச்சிறப்பு, அந்தப் போருக்கு அரை நூற்றாண்டுக்குப் பின் பிறந்த படையணிகளின் பெயரிலும் அவ்வாறே பதிவாயிற்று.