ஜெயிலுக்கே போனதில்லை, விசா ஏன் சிக்குகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வெள்ளிக்கிழமை இரவு சின்னக் குற்றத்தில் பிடிபடுகிறவரிடம் போலீஸ் நிலையத்தில் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள்: குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதத்தைக் கட்டினால் இப்போதே வீட்டுக்குப் போகலாம், இல்லையென்றால் திங்கட்கிழமை கோர்ட். கடற்கரையில் பீர் பாட்டிலோடு நின்றிருப்பார், அல்லது கல்யாண வீட்டுக் கைகலப்பில் ஓர் அடி கொடுத்திருப்பார். யாருக்குத்தான் இரண்டு ராத்திரி லாக்கப்பில் கிடக்க மனசு வரும்? பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். அப்புறம் அதை டிராஃபிக் ஃபைன் மாதிரி நினைத்து மறந்தும் போகிறார்கள்.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1977ஆம் ஆண்டின் குற்ற நடைமுறைச் சட்டம் 57ஆம் பிரிவுப்படி அந்த அபராதத்தைக் கட்டியவர், நீதிமன்றமே விசாரித்துத் தண்டித்தவருக்குச் சமம். கைரேகையும் எடுத்திருந்தால் விவரம் பிரிட்டோரியாவில் உள்ள குற்றப் பதிவேட்டுக்குப் போகக்கூடும். பல வருஷம் கழித்து, டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ எலக்ட்ரீஷியனாக இருக்கிற அதே ஆள் ஆஸ்திரேலியாவின் திறன் தொழிலாளர் விசாவுக்காகப் போலீஸ் கிளியரன்ஸ் (குற்றப் பதிவு உண்டா இல்லையா என்று போலீஸ் தரும் சான்றிதழ்) எடுக்கும்போதுதான் அது தலைகாட்டுகிறது. “அண்ணா, நான் ஜெயிலுக்கே போனதில்லையே” என்று பதறிக்கொண்டு என்னிடம் வருவார்.

பதற வேண்டியது அந்த அபராதத்துக்காக அல்ல. ஆஸ்திரேலியாவின் 1958ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தில் 501ஆம் பிரிவுதான் நன்னடத்தைச் சோதனை. மொத்தம் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டவர் அதில் தேறமாட்டார். சின்ன அபராதம் மட்டும் இருந்தால் அந்தக் கோட்டைத் தாண்டாது. ஆனால் நம் மாஜிஸ்திரேட்டுகள் அடிக்கடி தரும் ஒரு தண்டனை உண்டு: 12 மாதச் சிறை, 5 வருஷத்துக்கு நிறுத்திவைப்பு. உள்ளே ஒரு நாள்கூட இருக்கவில்லை என்பதால் அதைத் தண்டனையாகவே நம் ஆட்கள் நினைப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் கணக்கில் அதுவும் 12 மாதம்தான். சோதனையில் தேறாவிட்டால் விசா கட்டாயம் மறுக்கப்படும் என்றும் இல்லை. அதிகாரி சீர்தூக்கிப் பார்த்துக் கொடுக்கலாம், மறுக்கலாம்.

என் அனுபவத்தில் குடியைக் கெடுப்பது பழைய குற்றம் இல்லை, விசா படிவத்தில் ‘தண்டனை பெற்றதுண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று போடும் டிக் மார்க். பொய்த் தகவல் கொடுத்ததாக முடிவானால் விசா மறுக்கப்படும். அதோடு 3 வருஷத் தடையும் வரும், கூடவே விண்ணப்பித்த மனைவி மக்களும் மாட்டிக்கொள்வார்கள். “சின்ன விஷயம், எழுதவேண்டாம் தம்பி” என்று சொல்லும் ஏஜென்டுகள் ஊரில் இருக்கிறார்கள். தடை வந்தபிறகு அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

பதிவை அழித்துவிட்டால் போதுமே என்று கேட்பார்கள். தென்னாப்பிரிக்காவில் 10 வருஷம் கழிந்தால், சில வகைத் தண்டனைகளுக்கு, நீதி அமைச்சகத்துக்கு எழுதிப்போட்டுப் பதிவை நீக்கலாம். உள்ளூர் வேலைக்கு அது நல்லது, செய்துவைக்கத்தான் வேண்டும். ஆனால் ஆஸ்திரேலியப் படிவத்தின் கேள்வியைக் கவனமாகப் படியுங்கள்: பதிவிலிருந்து இப்போது நீக்கப்பட்ட தண்டனைகளையும் சேர்த்தே கேட்கிறது. கிளியரன்ஸ் சுத்தமாக வந்தாலும் பதில் ‘ஆம்’தான்.

குடும்ப வன்முறைப் பாதுகாப்பு ஆணையும் இப்படித்தான். மனைவி கோர்ட்டில் வாங்கினார், பிறகு சமாதானமாகிவிட்டார்கள், குற்ற வழக்கே இல்லை. எனவே கிளியரன்ஸில் வராது. படிவத்தில் மட்டும் தனிக் கேள்வியாக இருக்கிறது. இதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்தவர்கள்தான் அதிகம். வெட்கம் எனக்குப் புரிகிறது, அதிகாரிக்குப் புரியாது.

சரி, சான்றிதழ் விஷயம். கடந்த 10 வருஷத்தில் மொத்தம் 12 மாதம் எந்த நாட்டில் இருந்தாலும், அந்த நாட்டின் போலீஸ் சான்றிதழ் வேண்டும். துபாயில் வேலை பார்த்துவிட்டு டர்பன் திரும்பியவர்களும், சென்னையிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் வந்த ஐ.டி. ஆட்களும் இங்கேதான் நேரத்தை விடுகிறார்கள். கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரையும் விடாமல் எழுதுங்கள். பிள்ளை, கோவிந்தர் எல்லாம் நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்தே காகிதத்துக்குக் காகிதம் வேறு எழுத்தில்தான் இருக்கின்றன.

விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன்பே பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் கைரேகை கொடுத்து உங்கள் கிளியரன்ஸை எடுத்துப் பாருங்கள். ஏதாவது இருந்தால் வழக்கு எண்ணை வைத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்றப்பத்திரிகை நகலும் தீர்ப்பு விவரமும் கேளுங்கள். பழைய கோப்பைத் தேட நாளாகும். பிறகு, நடந்ததை நீங்களே ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: என்ன செய்தேன், என்ன தண்டனை, அதற்குப் பிறகு எப்படி இருக்கிறேன். சாக்குப்போக்கு வேண்டாம்.

கோவில் தலைவரிடம் வாங்கும் நற்சான்றுக் கடிதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். “இவர் தங்கமான மனிதர், காவடி தவறாமல் எடுப்பவர்” என்று மட்டும் எழுதினால் பயனில்லை. இவர் இன்ன வருஷம் இன்ன குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டது எனக்குத் தெரியும், தெரிந்தும் இவரைப் பற்றி இப்படிச் சொல்கிறேன் என்று அவர் எழுதவேண்டும். அதற்கு முதலில் நீங்கள் அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.