தெளிந்த தண்ணீர், கறுத்த குப்பி

போன கோடையில் முதுகுளத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அப்பத்தா, பாட்டிலில் ஊருணித் தண்ணீரோடு எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். "தேத்தாங்கொட்டை உரசுன தண்ணி தம்பி. கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க" என்றார். கண்ணாடி மாதிரிதான் இருந்தது. ஆனால் கிருமிச் சோதனைக் குப்பியில் ஊற்றி வைத்தது மறுநாள் காலையில் மை போலக் கறுத்துக் கிடந்தது. மலக் கலப்பு இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்க உரசும் தேற்றான் மர விதைதான் தேத்தாங்கொட்டை. அந்தக் கொட்டை மேல் தப்பில்லை. தன் வேலையை அது செய்துவிட்டது. கலங்கலில் மிதக்கும் களிமண் துகள்கள் எல்லாம் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நாள்கணக்கில் அடியில் தங்காமல் திரியும். கொட்டையிலிருந்து கரையும் பொருள்கள் அவற்றைச் சேர்த்துக் கட்டி, கனமாக்கி, கீழே இறக்கிவிடும். படிகாரம் செய்வதும் இதே வேலைதான். மண்ணோடு ஒட்டியிருக்கும் கிருமிகளில் பெரும்பங்கும் கூடவே இறங்கும். ஆனால் மிச்சம் நிற்பது வயிற்றுப்போக்கு வரப் போதும்.

முருங்கை விதையும் இப்படித்தான். மரத்திலேயே காய்ந்து நெற்றான காயிலிருந்து எடுத்த விதை வேண்டும். மேல்தோலை உரித்து, வெள்ளைப் பருப்பை இடித்து, கொஞ்சம் தண்ணீரில் குழைத்து வடிகட்டி ஊற்ற வேண்டும். நல்ல கலங்கலாக இருந்தால் லிட்டருக்கு ஒரு பருப்பு என்று ஆரம்பிக்கலாம். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, அப்புறம் ஐந்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, இரண்டு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். கடையில் விதைப்புக்கு விற்கும் விதை வேண்டாம். பூஞ்சை மருந்து தடவியிருப்பார்கள். கூடுதலாகப் போட்டாலும் வம்பு: கரைந்த சத்து கிருமிக்குத் தீனியாகிவிடும். தெளிந்ததை அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும்.

தெளிந்ததை இறுத்து, தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு குடியுங்கள். உப்பும் ஃபுளூரைடும் இதில் எதற்கும் அசையாது; குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, வேறு நீர் ஆதாரமே இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரம்பு. அதைச் சோதனைதான் சொல்லும்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் பயத்தோடுதான் எழுதுகிறேன். தேற்றான் மரமும் எட்டி மரமும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த வெவ்வேறு மரங்கள். தேற்றாங்கொட்டை சின்னதாக, உருண்டையாக இருக்கும். எட்டிக்கொட்டை தட்டையாக, பட்டன் மாதிரி, பட்டுப்போன்ற ரோமத்தோடு இருக்கும்; கொடிய விஷம். சந்தேகம் வந்தால் தூக்கிப் போடுங்கள்.

அடுத்த வாரம் அப்பத்தா கொதிக்கவைத்த தண்ணீரைக் கொண்டுவந்தார். குப்பி கறுக்கவில்லை. "ஆனா ருசி செத்துப்போச்சே தம்பி" என்றார். அலசிய வெட்டிவேரைக் கொதிக்கும்போதே போட்டுவிடச் சொன்னேன். வாசத்துக்குத்தான், கிருமிக்கு இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன்.